பென்சிலால் தட்டிய டிரான்சிஸ்டர்

இன்று காலை மெக்கானிக் மேசையில் ஒரு பழைய ரேடியோ. உலோகத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டரைப் பென்சிலின் ரப்பர் முனையால் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

1958-ல் ஃபேர்சைல்டு என்ற அமெரிக்க டிரான்சிஸ்டர் கம்பெனியிலும் இதே தட்டல்தான். தட்டினால் சில டிரான்சிஸ்டர்கள் செத்துப்போகும்.

அவை மேசா வகை. சிலிக்கானை அரித்துச் சின்ன மேடு விடுவார்கள். பி வகை, என் வகைச் சிலிக்கான் தொட்டுக்கொள்ளும் இடம்தான் பி-என் சந்தி; அதன் ஓரம் வெளியே தெரியும். தொப்பிக்குள் ஒரு உலோகத் துகள் ஒட்டினால் போதும், ஷார்ட்.

ஃபேர்சைல்டில் வேலை பார்த்த ஜீன் ஹோர்னி, ஜெனீவாக்காரர், மலையேறி. சிலிக்கான் மேல் உருவாகும் ஆக்ஸைடு படலம் வெறும் அழுக்கு, அதைக் கழுவியாக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இவர் அதை அப்படியே விடச் சொன்னார்.

ஆக்ஸைடில் ஜன்னல் வெட்டு, சிலிக்கானைப் பி வகையாக்கும் போரானை ஊடுருவ விடு. அது கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பரவும். அதனால் சந்தி மேற்பரப்பைத் தொடும் இடம் ஆக்ஸைடுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பிறகு சின்ன ஜன்னல், என் வகையாக்கும் பாஸ்பரஸ். தூசிக்கு வழியே இல்லை!

ஹோர்னி இதை நோட்டில் எழுதியது 1957 டிசம்பர். காப்புரிமை விண்ணப்பம் 1959 மே. அதே கம்பெனியின் ராபர்ட் நாய்ஸ் அந்த ஆக்ஸைடின் மேலேயே அலுமினியக் கோடு இழுத்தார், பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் இணைக்கும் ஐசி வந்தது. பேர் என்னவோ நாய்ஸுக்குத்தான் அதிகம்.

ஹோர்னி 1961-ல் வெளியேறினார். 1967-ல் இன்டர்சில் என்ற சிப் கம்பெனியைத் தொடங்கி, முதலில் கையிலெடுத்தது கைக்கடிகாரச் சிப். சுவிஸ்காரர் அல்லவா!