கை கழுவச் சொல்வதற்கு முன்னால்

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இட்லி பார்சல் வாங்க வருகிறவர் பெரும்பாலும் தனக்காக வாங்குவதில்லை. வார்டிலோ லாட்ஜ் அறையிலோ படுத்திருக்கும் நோயாளிக்குத்தான் அது போகிறது. நமக்கு ஒரு நாள் வயிற்று வலியோடு போகிற கிருமி, கீமோ எடுத்து எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஒரு தெருவில் இருக்கும் மெஸ்ஸில் சமையலறை மேற்பார்வை என் வேலை. கை கழுவும் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் வந்தது அதனால்தான்.

நான் சேர்ந்தபோது சுவரில் ‘கைகளைச் சுத்தமாகக் கழுவவும்’ என்று தமிழில் ஒட்டியிருந்தது. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு அதைப் படிக்கவே தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களும் கழுவவில்லை. சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் பின்கட்டில் இருந்தது. பாத்திரக் குவியலைத் தாண்டி, ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து போக வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குப் பந்தி நிறைந்திருக்கும்போது யார் போவார்கள்?

போனாலும் வருவது போர் தண்ணீர். உப்பு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகக் கையில் ஒட்டும், நுரை வராது. “கழுவினா இன்னும் பிசுபிசுன்னுதான் கீது சார்” என்று பரோட்டா மாஸ்டர் சொன்னதில் தப்பே இல்லை.

முதலாளியிடம் பேசி அடுப்படிக்கும் பரிமாறும் இடத்துக்கும் நடுவே சின்ன வாஷ்பேசின் வைத்தோம். கட்டிச் சோப்புக்குப் பதில் லிக்விட்; அது உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். எல்லாரும் தோளில் போட்டிருந்த துண்டிலேயே கை, தட்டு, மேசை மூன்றையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்திக் கை துடைக்கத் தாள் வாங்கினோம். அதற்கு ஆகும் செலவைப் பற்றி இன்றும் பேச்சு வரும், வரட்டும். நான் ஒரு வார்த்தை சொல்லாமலேயே பாதிப் பேர் கழுவ ஆரம்பித்தார்கள்.

மீதிப் பேருக்கு எந்தக் கை எப்போது ஆபத்து என்று புரிய வேண்டியிருந்தது. பரோட்டாவாவது சூடான கல்லில் வேகிறது. பிரியாணியோடு வைக்கும் தயிர் வெங்காயமும் தேங்காய்ச் சட்னியும் கையிலிருந்து நேராக இலைக்குப் போகின்றன. வேலூர் வெயிலில் காலையில் அரைத்த சட்னி மதியம் வரை வெளியே இருந்தால், வெங்காயம் நறுக்கியவரின் விரல் புண்ணிலிருந்து வந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி அதில் பெருகி நச்சை விட்டுவிடும். அந்த நச்சு, பிறகு கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் கையில் வெட்டுக்காயம் உள்ளவருக்கு அன்று வெங்காயமும் சட்னியும் கிடையாது. எச்சில் இலை எடுக்கிறவர் பரிமாறுவதில்லை, கல்லாவில் இருப்பவர் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் நாற்பது விநாடி கழுவு என்று பந்தி நேரத்தில் சொல்வதைவிட, இப்படி வேலையைப் பிரிப்பதுதான் நடக்கிற காரியம். கழிப்பறைக்குப் போய் வந்தாலோ, பச்சைக் கோழியைத் தொட்டாலோ மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. சானிடைசரைத் தடவிக்கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்புவேன். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது.

பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு நாள் முழுக்க ஈரத்தில் இருந்து விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது. அந்தக் கையில் சோப்பு பட்டால் எரியும் என்றார். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்து, புண் ஆறிய பிறகுதான் அவரிடம் கை கழுவுவதைப் பற்றியே பேசினேன்.

இதிலெல்லாம் கஷ்டமானது வேறொன்று. உணவுப் பாதுகாப்பு விதிப்படி வருடத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் மருத்துவச் சான்றிதழ் வாங்குகிறோம். ஆனால் இன்று காலை யாருக்கு வயிற்றுப்போக்கு என்று அது சொல்லாது. சொன்னால் அன்றைய கூலி போகும் என்றால் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று முதலாளியிடம் பல மாதம் கேட்டேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். அப்புறம் ஒரு மழைக்காலக் காலையில் சப்ளையர் பையன் தானாகவே வந்தான். “அண்ணா, ராத்திரியிலேர்ந்து நாலு தடவை போயிட்டேன்.” அவனை அறைக்கு அனுப்பி, ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு நாள் வரவேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வரும் தினக்கூலி ஆட்களுக்கு இந்த லீவு இன்னும் கிடையாது. அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.