பக்கத்து விரிகுடாவில் இன்னொரு கப்பல்: அண்டார்க்டிகா போய் வந்த கதை

கப்பலை விட்டு இறங்கி, அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவில் ஒரு மலிவு விடுதியில் உட்கார்ந்திருக்கிறேன், தரை இன்னும் ஆடுகிற மாதிரியே இருக்கிறது. எவ்வளவு செலவு, எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது என்று வரிசையாக எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் மனசில் இருக்கிற கோபத்தைக் கொட்டிவிட்டால்தான் மற்றதெல்லாம் வரும்.

அண்டார்க்டிகாவின் நெக்கோ ஹார்பர் என்ற விரிகுடாவில் ஒரு காலையில் இறங்கினோம். அது தீவு இல்லை, கண்டத்தின் தரையே. எதிரே பனியாறு. பெரிய பாளம் உடைந்து விழுந்தால் அலை கரைமேல் ஏறிவிடும் என்பதால், கடலோரம் நிற்காதீர்கள், மேலே போங்கள் என்று வழிகாட்டிகள் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்களைத் தவிர ஒரு மனிதர் கண்ணில் படவில்லை, உலகத்தின் கடைசியில் நாம் மட்டும் நிற்கிறோம் என்று உடம்பே சிலிர்த்தது. அன்று சாயங்காலம் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குப் போனேன் (எங்கள் கப்பலில் பயணிகளை உள்ளே விடுவார்கள்). சுற்றுவட்டாரக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரை முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். எல்லாம் பயணிகள் கப்பல்தான், ஒன்று அந்த முனைக்குப் பின்னால் இருக்கிறது, இன்னொன்று காலையில் நாம் நின்ற அதே இடத்தில் இப்போது நிற்கிறது என்றார் அங்கிருந்த அதிகாரி.

எந்த மணிக்கு எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான், கரையில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பென்குயின்களுக்கு இது நல்ல விதி, மறுக்கவில்லை. ஆனால் இதனால்தான் கூட்டம் எவ்வளவு என்று அங்கே போகிற யாருக்குமே தெரிவதில்லை. 1992-93 பருவத்தில் வந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் குறைவு. 2023-24 பருவத்தில் அது 1,20,000-ஐத் தாண்டிவிட்டது. அத்தனை பேரும் நவம்பரிலிருந்து மார்ச் வரைக்குள், அதுவும் பெரும்பாலும் அண்டார்க்டிகா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கும் அதே சில இடங்களுக்குத்தான் வருகிறார்கள். பென்குயின் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிற காலமும் அதுதான்.

இந்த விதிகளைப் பெரும்பாலும் போட்டது யார் தெரியுமா? பயண நிறுவனங்களே. 1991-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து ஐயாட்டோ என்ற சங்கத்தை ஆரம்பித்தன. ஒரு தடவைக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு பருவத்துக்கு மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்று எந்தக் கணக்கும் இல்லை. டிக்கெட் விற்கிறவரே உச்சவரம்பும் போடுவார் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அரசாங்கங்கள்தான் போட வேண்டும். 2024 மே மாதம் நம் கொச்சியில்தான் அண்டார்க்டிகாவைக் கூட்டாக நிர்வகிக்கும் ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டம் நடந்தது, சுற்றுலாவுக்கு ஒரு பொது ஒழுங்குமுறை வேண்டும் என்ற பேச்சு அங்கே தனியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒப்பந்தத்தில் முடிவெடுக்கும் உரிமை உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் வரும் என்பதால் வேலை நத்தை வேகத்தில் போகிறது, கப்பல்களோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

கப்பலில் ஒரு நாள் முழுக்கத் துணி சுத்தம் செய்யும் சடங்கு. ஜாக்கெட் பை, வெல்க்ரோ, கேமரா பையின் மூலைகள் எல்லாவற்றையும் வேக்வம் கிளீனர் வைத்து உறிஞ்ச வேண்டும், ஒரு புல் விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், எனக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல் வந்தது. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து ஆராய்ச்சி நிலையத்தின் பக்கம் வெளியூர்ப் புல் ஒன்று வேர் பிடித்து, அதை ஒழிக்கப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். கரையில் உட்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல்தான் காரணம். 2024 பிப்ரவரியில் அந்த வைரஸ் அண்டார்க்டிகாவின் பெருநிலத்தில் ஸ்குவா பறவைகளிடம் உறுதியானது. அதைக் கொண்டுவந்தது பெரும்பாலும் பறவைகளேதான், ஆனால் ஒரு பறவைக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நம் பூட்ஸ் கொண்டுபோகாமல் இருக்க வேண்டுமே!

அப்புறம் பென்குயின்கள்! குவர்வில் தீவில் ஜென்டூ பென்குயின்கள் ஆயிரக்கணக்கில். நாற்றம் படகிலேயே மூக்கைப் பிடிக்க வைத்தது, கரைக்குப் போன ஐந்து நிமிஷத்தில் அது மறந்தே போனது. பனியில் அவை நடந்து நடந்து பள்ளமாகிப்போன பாதைகள் இருக்கின்றன, அங்கே அவற்றுக்குத்தான் முதல் வழி. ஐந்து மீட்டர் தள்ளி நில் என்று நமக்குத்தான் விதி, அதுக்கில்லை. ஒன்று கல்லை வாயில் கவ்விக்கொண்டு என் காலருகே போய்க் கூட்டில் வைத்துவிட்டுத் திரும்பியது, உடனே பக்கத்துக் கூட்டுக்காரன் அந்தக் கல்லைத் திருடினான். இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன், படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதே தீவின் பனியைக் குனிந்து பார்த்தபோது கப்பலில் கேட்ட உரைதான் ஞாபகம் வந்தது. சிலி நாட்டின் சாந்தியாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் வேறு சிலரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு அது. கப்பல் புகையின் கரித்துகள் பனிமேல் படிந்து, அது வெயிலைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. அவர்கள் கணக்குப்படி ஒரு பயணி வந்துபோவதால் கூடுதலாக உருகும் பனி சுமார் 83 டன். ஒரு ஆளுக்கு! கனரக எண்ணெயை அங்கே 2011 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டார்கள், இப்போது எரிவது அதைவிட லேசான எரிபொருள். ஆனாலும் புகை புகைதான்.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணையைக் கடந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படுத்தே கிடந்தேன்.

சரி, செலவு. உஷுவாயா விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் கால் மணி நேரம்கூட ஆகாது. டாக்சிக்காரர் டாலரில் கேட்டார், பெட்டிக்குத் தனியாகவும் கேட்டார். முடியாது என்று நகர்ந்து, ஒரு பிரெஞ்சு தம்பதியோடு சேர்ந்து வேறு வண்டி பிடித்தேன், பாதிக்கும் கீழே முடிந்தது. நீர்புகாத பேன்ட்டை வாங்காதீர்கள், சான் மார்ட்டின் தெருவில் வாடகைக்குக் கிடைக்கும். கையில் காசு மிஞ்சினால் சென்டோஷா என்ற பெரிய நண்டைச் சாப்பிடுங்கள், ஓட்டை உடைத்து வெறும் எலுமிச்சை பிழிந்து தின்றேன், இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு வருத்தப்படாத ஒரே சாப்பாடு அது. கப்பல் டிக்கெட், கடைசி நேரத் தள்ளுபடியில், மூன்று பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கே ஐந்து லட்சத்துக்கு மேல். வீட்டுக்கு இன்னும் உண்மைத் தொகையைச் சொல்லவில்லை.

500 பேருக்கு மேல் ஏற்றும் பெரிய கப்பலில் விலை கம்மியாக இருக்கும், அதில் போகாதீர்கள். அதிலிருந்து ஒருவரைக்கூட கரையில் இறக்க மாட்டார்கள், மாடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், புகை மட்டும் அங்கே படியும். பணம் கட்டுவதற்கு முன்னால் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எத்தனை பயணிகள், என்ன எரிபொருள், திமிங்கிலம் இருக்கும் இடத்தில் வேகத்தை 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) அளவுக்குக் குறைப்பீர்களா. பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு போனில் ஒன்று சொன்னார்கள், கப்பலில் வேறாக இருந்தது.