சீட்டுக்கு அடியில இருந்த அந்த மஞ்சள் கப்ளர்

ஆவணி மாசம் ஒரு முகூர்த்தத்துக்கு அம்மாவ கூட்டிகிட்டு நீடாமங்கலத்துல இருந்து கும்பகோணம் போயிட்டு இருந்தேன். வலங்கைமான் தாண்டினதும் மீட்டர்ல ஏர்பேக் லைட் வந்துடுச்சு, அதான் ஒரு ஆளு உக்காந்திருக்க மாதிரி, முன்னாடி பெரிய உருண்டை ஒண்ணு இருக்க மாதிரி படம் போட்டிருக்குமே, அது. மண்டபத்துல வண்டிய ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணா காணோம். சரி போச்சுன்னு நெனச்சேன், மறுநாள் திரும்ப வந்துச்சு, அப்புறம் ரெண்டு நாள் வரல, அப்புறம் போகவே இல்ல.

மொதல்ல பக்கத்துல இருக்க ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். "தம்பி, அது ஒண்ணுமில்ல, ஒரு ரெசிஸ்டர் வச்சு விட்டா லைட் அணைஞ்சிடும், 500 ரூபா குடுங்க போதும்"னாங்க. சர்வீஸ் சென்டருக்கு போனா ஸ்கேன் பண்ணிட்டு சீட்டோட ஓரத்துல இருக்க சைடு ஏர்பேக், அத இயக்குற கம்ப்யூட்டர் பெட்டியான கண்ட்ரோல் மாடியூல் ரெண்டையும் மாத்தணும், 46,000 ஆகும்னு ஒரு எஸ்டிமேட் குடுத்தாங்க. ஏன் ரெண்டும்னு கேட்டேன், எந்த இடத்துல ஃபால்ட்டுன்னு யாரும் பாத்த மாதிரி தெரியல.

அந்த 500 ரூபா வேலைய நெனச்சா எனக்கு இப்பவும் பயமா இருக்கு, அதனால அத கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். ஏர்பேக்குக்குள்ள ஒரு சின்ன ஊசி மாதிரி கம்பி இருக்கும், கரண்ட் போனா அது சூடாகி கேஸ் உண்டாக்குற மருந்த பத்த வைக்கும், பை விரியும். அந்த கம்பியோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்ட தடுக்குற அளவு, பெரும்பாலும் ரெண்டு ஓம் கிட்ட இருக்கும். மாடியூல் வண்டி ஓடுற நேரம் பூரா அத அளந்துகிட்டே இருக்கும், ரொம்ப கூடினாலோ கொறஞ்சாலோ லைட்ட போடும். இப்ப ஏர்பேக்க கழட்டி விட்டுட்டு அந்த எடத்துல அதே அளவு கரண்ட்ட தடுக்குற ஒரு சின்ன பாகம், அதான் ரெண்டு ஓம் ரெசிஸ்டர், வச்சா மாடியூல் எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடும், ஆனா இடி வாங்குற நேரத்துல கரண்ட் அந்த ரெசிஸ்டருக்குத்தான் போகும், பை விரியாது. செகண்ட் ஹேண்ட்ல அந்த வண்டிய வாங்குறவங்களுக்கு இது தெரியவே போறதில்ல.

நம்ம ஊர் ரோட்டுல சைடு ஏர்பேக் இருக்கறது எனக்கு பெரிய விஷயம். குறுவை அறுவடை நேரத்துல வாய்க்கா பாலத்துல இருந்து டிராக்டர், அறுவடை மெஷின், டிபிசிக்கு, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு, மூட்ட ஏத்திகிட்டு போற லாரி எல்லாம் நேரா மெயின் ரோட்டுல ஏறும், பாதி ரோட்டுல நெல்லு காயும், ஒதுங்க எடம் இருக்காது. நேருக்கு நேர் மோதுறத விட பக்கவாட்டுல இடி வாங்கறதுதான் என்னோட பயம். முன்னாடி மோதினா எஞ்சின், பானெட்டுன்னு நசுங்கறதுக்கு எடம் இருக்கு, பக்கத்துல கதவு மட்டும்தான், அதனாலதான் சைடு பை சுமார் 20 மில்லிசெகண்டுக்குள்ள கிளம்பியாகணும். 2022 ஜனவரியில ஆறு ஏர்பேக் கட்டாயம்னு மத்திய அரசு வரைவு அறிவிப்பு விட்டுச்சு, அப்புறம் 2023 அக்டோபருக்கு தள்ளிப்போச்சு, கடைசியில கட்டாயம் ஆக்கல. அதனால காசு கூட குடுத்து ஆறு பை இருக்க வேரியண்ட்டா தேடி வாங்கினேன். அத நானே ஊமையாக்க முடியுமா?

அப்புறம் மன்னார்குடியில ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். என்கிட்ட இருந்த ப்ளூடூத் ரீடர்ல எஞ்சினோட ஃபால்ட் கோடு மட்டும்தான் வந்துச்சு, அவர்கிட்ட ஏர்பேக் மாடியூலோட பேசுற ஸ்கேனர் இருந்துச்சு. இடது முன் சைடு ஏர்பேக், ரெசிஸ்டன்ஸ் அதிகம்னு காட்டுச்சு. இடதுன்னா அம்மா உக்கார்ற சீட்டு. லைவ் டேட்டா போட்டா வலது பக்கம் அசையாம 2.1 நிக்குது, இடது பக்கம் அஞ்சு, மூணு, ஏழுன்னு துள்ளுது. அண்ணன் பேசவே இல்ல, சீட்ட மட்டும் மெதுவா முன்ன பின்ன தள்ளினாரு, நம்பர் ஏறி எறங்குச்சு. "ஏர்பேக் நல்லாத்தான் இருக்கும் தம்பி, கப்ளர்தான்"ன்னாரு, அதாவது ரெண்டு பக்க ஒயரையும் இணைக்கிற ப்ளக்.

வேலைக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு பத்து நிமிஷம் உக்காந்து டீ குடிச்சோம், மாடியூலுக்குள்ள இருக்க கெப்பாசிட்டர்ல கரண்ட் தேங்கி இருக்கும், பேட்டரி அறுந்தாலும் பை விரியணும்னு அப்படி வச்சிருக்காங்க, அது வடியணும். ஏர்பேக் பக்கம் மல்டிமீட்டர வைக்கவே விடல அவரு. மீட்டர் ஓம்ல அளக்கும்போது அதுல இருந்து ஒரு சின்ன கரண்ட் போகும், அதுவே பத்த வைக்க வாய்ப்பு இருக்குன்னு எல்லா மேனுவல்லயும் போட்டிருக்கும். வீட்ல யாராவது யூடியூப் பாத்துட்டு மீட்டர தூக்கிகிட்டு போகாதீங்க, தயவு செஞ்சு.

சீட்டுக்கு அடியில மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர், மஞ்சள் கப்ளர். கழட்டினா உள்ள ஒரு பின்னுல பச்சையா களிம்பு. கும்பகோணத்து பித்தளை குடம் மழைக்காலத்துல எப்படி இருக்கும், அதே மாதிரி. அண்ணன் வண்டி பக்க கப்ளர்ல ரெண்டு ஓம் டம்மி ப்ளக் சொருகி, பேட்டரிய மாட்டி, ஸ்கேனர்ல பாத்தாரு, நம்பர் ரெண்டுல அப்படியே நின்னுச்சு, அப்ப மாடியூலும் அதுல இருந்து வர்ற ஒயரும் சரி. ரெசிஸ்டருக்கு இதுதான் சரியான வேலை, அஞ்சு நிமிஷம் சோதிச்சுட்டு கழட்டிடணும். திரும்ப பேட்டரிய கழட்டி, திரும்ப பத்து நிமிஷம். சீட் பக்க கப்ளர கான்டாக்ட் கிளீனர் அடிச்சு சுத்தம் பண்ணாரு, ஆனா டெர்மினலோட பிடிப்பு தளர்ந்து போயிருந்துச்சு, அதனால கம்பெனி பிக்டெயில், அதான் துண்டு ஒயரோட வர்ற புது கப்ளர், ஆர்டர் போட்டு நாலு நாள் கழிச்சு ஒயர கிரிம்ப் பண்ணி (அழுத்தி இணைச்சு) ஸ்லீவ் சுருக்கி மாத்தினாரு. முறுக்கி டேப் சுத்தற வேலை இதுல ஆகாது. சில கம்பெனி ஒயர ஒட்டு போடவே விடாது, முழு ஒயர் கட்டையும் (ஹார்னெஸ்) மாத்த சொல்லும், எங்க வண்டி மேனுவல்ல அனுமதி இருந்துச்சு.

ஆனா களிம்பு எப்படி வந்துச்சு? அத விட்டா ஆறு மாசத்துல புது கப்ளரும் அப்படித்தான் ஆகும். சீட்ட நாலு போல்ட் கழட்டி வெளிய எடுத்து, ஏர்பேக் இருக்க பக்கம் மேல பாக்க நிழல்ல வச்சுட்டு கார்ப்பெட்ட தூக்கினோம், கீழ இருக்க ஸ்பாஞ்சுல தண்ணி சொதசொதன்னு நிக்குது. இடது கால் பக்கம் ஒரு மாதிரி வாடை அடிக்குதுன்னு ஆடி மாசத்துலயே அம்மா சொன்னாங்க, நான் ஈர செருப்புன்னு விட்டுட்டேன். அண்ணன் வண்டிக்கு அடியில படுத்து ஏசி தண்ணி வெளிய வடியுற பைப்ப பாத்தாரு, வாயில மண்ணு வச்சு பூசி அடைச்சிருக்கு. குளவி கூடு! சித்திரை வைகாசி ரெண்டு மாசம் நான் வெளியூர்ல, வண்டி கொட்டகையிலயே நின்னுச்சு, அப்ப கட்டியிருக்கும். அதுக்கப்புறம் ஏசி போட்ட தண்ணி பூரா வெளிய போக வழியில்லாம உள்ள கார்ப்பெட்டுக்கு எறங்கியிருக்கு.

வீட்டுல வந்து சொன்னா அம்மா முகம் வாடிடுச்சு. குளவி கூடு கட்டினா வீட்ல குழந்த பொறக்கும்னு எங்க பக்கம் கலைக்க மாட்டாங்க, தங்கச்சி அப்ப மாசமா இருந்தா, கொட்டகையில இருந்த கூட்ட எல்லாம் தொடாதன்னு அம்மாதான் சொல்லியிருந்தாங்க. அவங்க மேல என்ன தப்பு, வண்டி அடியில ஒண்ணு இருக்கும்னு யாருக்கு தெரியும். மருமக பொறந்து நல்லா இருக்கா.

கார்ப்பெட்டும் ஸ்பாஞ்சும் களத்துல மூணு நாள் வெயில்ல காஞ்சுது. சீட்ட திரும்ப மாட்டுறப்போ இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, நான் திருச்சியில தச்சு போட்ட சீட் கவர், பை வெளிய வர்ற ஓரத்த இறுக்கமா மூடி தையல் போட்டிருக்கு. கப்ளர் சரியா இருந்தாலும் அது விரியுறத தடுத்திருக்கும். ரெண்டு சீட்லயும் அன்னிக்கே கழட்டிட்டேன், ஏர்பேக்குக்குன்னு பிரியுற தையல் வச்ச கவர் கிடைச்சா போடுவேன், இல்லன்னா வெறும் சீட்டே போதும்.

மொத்தம் 3,200 ரூபா ஆச்சு. ஸ்கேனர்ல பழைய ஃபால்ட் கோட அழிச்சுட்டு சாவிய திருப்பினா லைட் சில நொடி எரிஞ்சு அணைஞ்சுது, லைவ் டேட்டால இடது பக்கம் 2.2, சீட்ட எவ்வளவு தள்ளினாலும் அசையல. இப்ப வண்டி எங்க நின்னாலும் எறங்கினதும் குனிஞ்சு இடது பக்கம் பாக்கறது பழக்கமாயிடுச்சு. நேத்து டிபிசி வாசல்ல அரை மணி நேரம் ஏசி போட்டு நின்னோம், வண்டிக்கு அடியில ஒரு தாம்பாளம் அளவுக்கு தண்ணி தேங்கியிருந்துச்சு.