75 பைசா வட்டிக்கு ஒரு வண்டி

என் வேலையே கொட்டேஷன் போடுவதுதான். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக எஸ்டிமேட் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காகிதம், பிளேட், லேமினேஷன், கட்டிங், பேக்கிங் என்று வரி வரியாகப் பிரிப்பேன். எந்த வரியில் பார்ட்டியின் கண் போகும், எந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காகிதத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்து அவரைச் சிரிக்க வைத்துவிட்டு, பேக்கிங் சார்ஜில் ஓசைப்படாமல் எடுத்துக்கொள்வது எங்களுக்குக் கை வந்த கலை. அப்பேர்ப்பட்ட நான் ஒரு 125 சிசி பைக் வாங்கப் போய், 23, 24 வயதுப் பையன் ஒருவனிடம் தலையை ஆட்டிவிட்டு வர இருந்தேன்.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் ஷோரூமும் தெரிந்துவிடும். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

என் பழைய வண்டி 2009 மாடல் ஸ்ப்ளெண்டர். 2024இல்தான் எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஆனாலும் காலையில் கிக்கரை ஏழெட்டு முறை மிதித்தால்தான் எழும். 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிட்டு முடித்த கையோடு, முதல் தடவை ஷோரூமுக்குப் போனேன். ஷோரூம் விலை 92,160. ஆடி ஆஃபர் 3,000 தள்ளுபடி என்றான் பையன். ஆடியில் யார் வண்டி வாங்குவார்கள்? அதனால்தான் தள்ளுபடி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் தீபாவளிக்கு ஜி.எஸ்.டி. குறையும் என்று பேசினார். அடுத்த நாளிலிருந்து பையன் தினமும் போன் செய்தான். "அண்ணே, பைக்குக்குக் கொறையும்னு யாரு சொன்னா? அப்படியே கொறைச்சாலும் கம்பெனிக்காரன் ரேட்டை ஏத்திருவான். இப்பவே புக் பண்ணிருங்க." அவன் குரலில் இருந்த அவசரமே எனக்குப் பதில் சொல்லிவிட்டது. செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி முடிவெடுத்தது. 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவீதம் இருந்த வரி 22ஆம் தேதி முதல் 18 ஆனது. 92,160 என்பது 84,960 ஆனது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்ததற்கு 7,200 ரூபாய். என் வாழ்க்கையில் சோம்பலுக்குக் கிடைத்த அதிகபட்சக் கூலி இதுதான்.

அந்த வாரக் கடைசியில் திருத்தங்கல்லில் இருந்து மாமாவையும் கூட்டிக்கொண்டு, மனைவியோடு போனேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் ஆட்டுக்குட்டியிலிருந்து கல்யாண மண்டபம் வரை விலை பேச அவர்தான் போக வேண்டும். அவர் பேச மாட்டார். பொருளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அதிலேயே எதிராளி பாதி இறங்கிவிடுவான்.

பையன் ஆன்-ரோடு விலையை ஒரு தாளில் எழுதினான். ஷோரூம் விலை 84,960. ஆயுள்கால வரி 8,500. இன்சூரன்ஸ் 8,400. ஆர்.டி.ஓ. செலவு 2,800. ஹேண்ட்லிங் 1,500. அக்சஸரீஸ் 4,200. ஹெல்மெட் 1,100. மொத்தம் 1,11,460.

மாமா உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் வந்தார், டீ வந்தது, "நம்ம ஊர்க்காரங்க, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறோம்" வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து 2,000 ரூபாய் தள்ளுபடி, ஹெல்மெட் இலவசம் என்று முடிந்தது. மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிய விதத்தைப் பார்க்க வேண்டுமே, ஜல்லிக்கட்டில் காளையை அடக்கியவர் மாதிரி. (வண்டி விற்கும்போது ஹெல்மெட்டும் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

அவர் வெளியே வெற்றிலை போடப் போனதும் பையன் ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வியாபாரம் அப்போதுதான் ஆரம்பித்தது.

"எவ்வளவுண்ணே லோன் போடுறீங்க?"

"75,000."

"மூணு வருஷம் போட்டுருவோம். 75 பைசா வட்டிதாண்ணே. மாசம் 2,646. வெளிய எங்கயும் இந்த ரேட்டுக்குக் கெடைக்காது."

எங்கள் பக்கம் வட்டியைப் பைசாவில்தான் பேசுவோம். நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை பைசா. 75 பைசா என்றால் வருடத்துக்கு 9 சதவீதம். கந்து வட்டி ஐந்து, பத்து என்று கேட்டே பழகின காதுக்கு 75 பைசா என்பது தேன். நான் ஆதார் கார்டை எடுத்து நீட்டிவிட்டேன். அந்த நேரத்தில்தான் என் மனைவி கேட்டாள், "ஏங்க, 2,646 எப்படி வந்துச்சு?"

அவள் பத்து வருடமாக மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறாள். போனில் கால்குலேட்டரைத் திறந்தாள். 75,000க்கு வருடம் 6,750 வட்டி, மூன்று வருடத்துக்கு 20,250. அசலையும் வட்டியையும் சேர்த்து 95,250. அதை 36 ஆல் வகுத்தால் 2,646. பையன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"ரெண்டாவது வருஷம் முடியிறப்ப நாம அசல்ல 50,000 திருப்பிக் கட்டியிருப்போம்ல? மிச்சம் 25,000தான் அவங்க காசு நம்ம கையில இருக்கும். மூணாவது வருஷமும் 75,000க்கு வட்டி எதுக்குத் தம்பி?"

பையன், "அது ஃப்ளாட் ரேட்டு, அக்கா" என்றான். அதற்கு மேல் அவனிடம் விளக்கம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"எங்க குழுவுல ஒரு ரூவா வட்டி. ஆனா அசல் கொறையக் கொறைய வட்டியும் கொறையும்" என்றாள். அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். குழுக் கணக்குப்படி ஒரு ரூபாய் வட்டிக்கு மூன்று வருடத்தில் மொத்த வட்டி 14,700 கூட வரவில்லை. இவர்களுடைய 75 பைசாவுக்கு 20,250. ஒரு ரூபாய் என்பது 75 பைசாவைவிட மலிவாக இருக்கும் கடை இது ஒன்றுதான். அசல் குறையும் கணக்குக்கு மாற்றினால் அந்த 75 பைசா, 1 ரூபாய் 35 பைசா ஆகிறது.

ஷோரூமில் அதோடும் முடியவில்லை. பையன் என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டான். முன்னெல்லாம் ஆறு இடத்தில் கையெழுத்து, நாலு செக் லீஃப். இப்போது நாலு இலக்க எண்ணைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் சம்மதித்த கணக்கு. "பொறுப்பா, மொதல்ல அந்த விவரத் தாளைக் காட்டு" என்றேன். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்கள் வாங்கும் கடன் எதுவானாலும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முதலிலேயே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் நண்பர் ஒருவர் புண்ணியத்தில் இது எனக்குத் தெரியும். தாள் வந்தது, ஆங்கிலத்தில். செயலாக்கக் கட்டணம் 1,875. ஆவணக் கட்டணம் 750. கடனுக்கு இன்சூரன்ஸ் 1,600. ஆக 4,225 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 70,775 கொடுப்பார்கள், ஆனால் வட்டி 75,000க்கு. கீழே சின்ன எழுத்தில் 20.4 சதவீதம் என்று இருந்தது.

அதாவது 1 ரூபாய் 70 பைசா வட்டி.

மாமா முக்கால் மணி நேரம் உதட்டைப் பிதுக்கி வாங்கிய 2,000 ரூபாயை, பையன் மூன்று நிமிடத்தில் இரண்டு மடங்காகத் திருப்பி எடுத்துவிட்டான். பேக்கிங் சார்ஜ்! என் வித்தையேதான். எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாக ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன் மேல் வரும் மரியாதைதான் வந்தது.

சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கேட்டேன். 11.5 சதவீதம், அசல் குறையும் கணக்கு, மாதம் 2,473. ஷோரூம் ஃபைனான்ஸுக்கும் இதற்கும், கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று வருடத்தில் பத்தாயிரத்தை ஒட்டி வித்தியாசம். 9 எப்படி 11.5ஐவிட அதிகம் என்று மாமாவுக்கு விளக்கப் போய்த் தோற்றேன்.

பையனிடம் வங்கிக் கடன் என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. "வெளி லோன்னா அந்த 2,000 தள்ளுபடி கெடையாதுண்ணே. டெலிவரியும் ஆயுத பூஜைக்குச் சொல்ல முடியாது." ஃபைனான்ஸ் போட்டால் ஷோரூமுக்கு அங்கிருந்து கமிஷன் வரும், அதில் இவனுக்கும் ஒரு துளி. அந்தக் கமிஷனிலிருந்து ஒரு கையளவு எடுத்துத்தான் எனக்குத் தள்ளுபடி. சரி, 2,000 போகட்டும். அது போகிறதென்றால் மற்ற வரிகளையும் பார்ப்போம் என்று தாளை வாங்கினேன். இந்தத் தடவை மாமா இல்லை. எஸ்டிமேட்காரன் மட்டும்.

இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இந்த சிசிக்கு அது 3,851 ரூபாய், வரி தனி, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அதேதான். விளையாட்டெல்லாம் மிச்சப் பகுதியில். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 6,100க்கு முடித்துக் கொடுத்தார். அக்சஸரீஸில் லெக் கார்டும் சாரி கார்டும் போதும், 1,600. சீட் கவர், டேங்க் கவர், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் வேண்டாம். ஹேண்ட்லிங் 1,500க்கு நான் வாதாடவே இல்லை. "இதை இன்வாய்ஸ்ல ஒரு வரியா பிரிண்ட் பண்ணிக் குடுங்க" என்றேன். கேஷியர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த வரியே தாளிலிருந்து போய்விட்டது. ஆர்.டி.ஓ. செலவில் மட்டும் நான் தோற்றேன். பதிவுக் கட்டணம் 300, கடன் வண்டி என்று ஆர்.சி.யில் குறிக்க 500, ஸ்மார்ட் கார்டு 200. ஆயிரம் ரூபாய் வேலைக்கு 2,800. "எல்லா எடத்துலயும் அதுதாண்ணே" என்றான். எல்லா இடத்திலும் அதுதான், விசாரித்துவிட்டேன்.

கடைசி விலை 1,03,960. ஸ்ப்ளெண்டருக்கு ஷோரூமில் 9,000 சொன்னார்கள். மெக்கானிக் மூலமாக 14,000க்குப் போனது. படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு, வாங்கியவர் பெயருக்கு மாறும் வரை விடாமல் துரத்தினேன். தம்பி ஒருவன் விற்ற வண்டிக்கு இரண்டு வருடம் கழித்து அபராதச் சீட்டு வந்த கதை எங்கள் வீட்டில் இருக்கிறது.

வங்கி பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. கொட்டேஷனில் ஷோரூம் முத்திரை சரியாக விழவில்லை என்று ஒரு நாள். மேனேஜர் விடுப்பு இரண்டு நாள். முன்பணம் கட்டிய ரசீது வேண்டும் என்று இன்னொரு நாள். ஆயுத பூஜை அன்று அச்சகத்தில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் அன்றுதான் மாலை போட்ட புது வண்டியில் வந்து இறங்கினார். என் பையன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்பதை எட்டாம் வகுப்புப் பையனுக்கு எப்படிச் சொல்வது?

அக்டோபர் 15, புதன்கிழமை வண்டி கைக்கு வந்தது. வரி குறைந்ததில் தீபாவளிக் கூட்டம் அள்ளிக்கொண்டு போய்விட, நாங்கள் கேட்ட கறுப்பு தீர்ந்துவிட்டது. சிவப்புதான் இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது பையன் என் மனைவியிடம், "அக்கா, அந்தக் கணக்கை எனக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுங்க, நானும் ஒரு லோன் கட்டிட்டு இருக்கேன்" என்றான். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்குள் ஒரு பில்லின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் காட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சாயந்திரம் மாமா வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் கட்டை விரலால் அமுக்கினார்.

"என்ன வெலைக்கு முடிச்ச மாப்ளே?"

சொன்னேன்.

உதட்டைப் பிதுக்கினார். "என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தா இன்னும் ரெண்டாயிரம் கொறைச்சிருப்பேன்."