அந்த 3 சதவீதம்

"ராத்திரி ரெண்டு மணிக்கு இது உடைஞ்சா உன்னைத் தவிர யாரு சரி பண்ணுவா?" என்று கேட்டேன்.

"அப்போ எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு ரெண்டு நாள் கொடுங்கண்ணா" என்றாள் எங்கள் டீமில் இருந்தவள்.

பதில் சொல்லாமல் அவள் அனுப்பிய பேட்ச்சை, அதாவது நிரல் மாற்றத்தை, நிராகரித்தேன். மூன்று வருடம் ஆகிறது.

அவள் எங்கள் வி.எம்.மில், அதாவது எங்கள் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் இன்டர்பிரட்டரில், சேர்க்க நினைத்தது சூப்பர் இன்ஸ்ட்ரக்ஷன். ஸ்கிரிப்டை உடைத்துக் கிடைக்கும் சின்னச் சின்ன பைட்கோடு கட்டளைகளில், அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டை ஒன்றாக ஒட்டிவிடுவது. 'ஒப்பிடு', 'தாவு' என்று இரண்டு முறை டிஸ்பாட்ச் ஆவதற்குப் பதில் ஒரே முறை. இன்டர்பிரட்டரில் நேரம் கரைவது கூட்டல் கழித்தலில் அல்ல, அடுத்த கட்டளை எது என்று பார்த்து அங்கே போவதில்தான். யோசனையில் தப்பே இல்லை. பெஞ்ச்மார்க் எனும் வேகச் சோதனையில் 11 சதவீதம் வேகம் கூடியது. எங்கள் நிஜ ஸ்கிரிப்டுகளில் 3. அவை பாதி நேரம் டேட்டாபேஸுக்காகக் காத்துக்கிடப்பவை.

அந்த 3-க்காக 14 புதிய கட்டளைகள். பிழை தேட நிரலை அங்கங்கே நிறுத்திப் பார்க்கும் டீபக்கர், ஒட்டிய கட்டளைக்கு நடுவில் நிற்க வேண்டியிருந்தால்? வேறெங்கிருந்தோ வரும் ஜம்ப், அதாவது தாவல், அதன் இரண்டாம் பாதியில் போய் விழுந்தால்? ரிவ்யூவில் இதைத்தான் எழுதினேன். சரியான கேள்விகள் என்று இன்றும் நினைக்கிறேன்.

2025-ல், பைத்தான் மொழியின் முக்கிய வடிவமான சிபைத்தானின் விஷயம் வெளியானபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பைத்தான் 3.14-க்காக, அடுத்த கட்டளைக்குப் போகும் விதத்தை மாற்றி எழுதிய டெயில் கால் இன்டர்பிரட்டர் 9 முதல் 15 சதவீதம் வேகம் என்று முதலில் சொன்னார்கள். கம்பைல் செய்யும் கருவியான எல்.எல்.வி.எம். 19-ல் நுழைந்திருந்த ஒரு குறை பழைய இன்டர்பிரட்டரை மெதுவாக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைக் கழித்தால் 3 முதல் 5. பார்த்தாயா, பெஞ்ச்மார்க் எண்ணை நம்பக்கூடாது என்று மனதுக்குள் அவளிடம் வாதாடினேன்.

ஆனால் அவர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை. எண்ணைத் திருத்திவிட்டு நிரலை வைத்துக்கொண்டார்கள். அங்கே பைட்கோடு கட்டளைகளை ஒரு கோப்பில் வரையறுத்துவிட்டால் இன்டர்பிரட்டர் அதிலிருந்து தானாக உருவாகிறது. சிக்கலைத் தாங்குவதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவள் கேட்ட ரெண்டு நாளும் அப்படியொரு ஏற்பாட்டின் தொடக்கமாக இருந்திருக்கலாம். சிக்கலுக்குப் பயந்தேனா, எனக்கு உடனே புரியாத ஒன்று என் நிரலுக்குள் வருவதற்குப் பயந்தேனா?

அவள் பேட்ச்சை நிராகரித்த அடுத்த வருடம் நானே இன்லைன் கேஷ் எழுதினேன். ஸ்மால்டாக் காலத்திலிருந்து வரும் உத்தி, ஒரு ஆப்ஜெக்டின் பண்பை எங்கே தேடி எடுத்தோம் என்பதை அந்த இடத்திலேயே குறித்துவைப்பது. 900 வரி. நிஜ ஸ்கிரிப்டுகளில் 9 சதவீதம் கிடைத்தது. அப்புறம் ஒருநாள், நீக்கப்பட்ட பண்பின் பழைய மதிப்பை அது எடுத்துக் கொடுத்தது. கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைச் சரிசெய்ய என்னைத் தவிர வேறு யாருமில்லை. நீக்கிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 9 போதும், 3 போதாது என்று பிரிக்கிற இடம் எது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். போன மாதம் பழைய பிராஞ்சுகளை, அதாவது நிரலின் தனிக் கிளைகளை, சுத்தம் செய்தபோது அவளுடையதைத் திறந்தேன். டெஸ்ட் ஃபோல்டரில், ஒட்டிய கட்டளையின் நடுவில் விழும் ஜம்புகளுக்கென்றே ஒரு கோப்பு இருந்தது. தேதியைப் பார்த்தேன். என் ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முந்தையது.