ரோஸ்மில்க்கும் குன்னூர்த் தண்ணீரும்

நவம்பர் 9

ஒன்றரை வருட நச்சரிப்புக்கு இன்று தலையாட்டிவிட்டேன். மைன்கிராஃப்ட் கேமில் பார்த்த நாளிலிருந்து ஆக்ஸலாட்டில்தான் வேண்டும் என்கிறாள் மகள். தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் அது, தவளைக்குத் தூரத்துச் சொந்தம். கீழே சமவெளியில் இருந்திருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன். தண்ணீர் 16 முதல் 18 டிகிரி வரை இருப்பதுதான் இதற்குச் சுகம், 24-ஐத் தாண்டினால் வதங்கிவிடும். சென்னையில் வளர்ப்பவர்கள் சில்லர் வாங்கி இரவு பகலாக ஓட்டுகிறார்கள். எங்களுக்குக் குன்னூர்க் குளிர் சும்மாவே கிடைக்கிறது. பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றடித் தொட்டி, வெயில் எட்டாத சுவரோரம். 75 லிட்டர் பிடிக்கிறது. கூழாங்கல் போடவில்லை. இது இரையைக் கடிக்காது, உறிஞ்சும். கூடவே கல்லும் உள்ளே போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். அம்மாவுக்கு அதில் பெரிய குறை. "கலர் கல்லு இல்லாம அது என்னடி மீன் தொட்டி?"

நவம்பர் 15

மார்க்கெட்டில் ஐந்தே ஐந்து இறால் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதைப் பழைய சாக்ஸில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். அழுக வேண்டும், அதுதான் நோக்கம். அழுகினால் அம்மோனியா வரும். அதை ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். இரண்டும் ஃபில்டர் பஞ்சில் குடியேறுகிறவரை தொட்டிக்குள் உயிர் எதையும் விடக் கூடாது.

இந்தக் குளிரில் பாக்டீரியா ரொம்ப மெதுவாகத்தான் வளரும் என்பதால் ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். குளிர்ப் பிராணிக்காக, குன்னூரில், ஹீட்டர்! வீடு முழுக்க இறால் நாற்றம். அம்மா இரண்டு நாளாக ஊதுபத்தி ஏற்றுகிறாள்.

டிசம்பர் 6

பத்து நாளாக ஒன்றும் நகரவில்லை. அம்மோனியா கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சோதனைக் குழாயில் தினமும் அதே பச்சை. பாக்டீரியா செத்துவிட்டதோ என்று எரிச்சலோடு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பார்த்தால், 7-ல் இருந்தது 6-க்கு வந்திருக்கிறது.

அப்புறம்தான் கேஎச், அதாவது தண்ணீரில் கார்பனேட் எவ்வளவு என்று பார்க்கும் கிட்டை எடுத்தேன். ஐந்து மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலமாகி, பிறகு மஞ்சளாக மாறுவதற்கு எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி கேஎச். எங்கள் தண்ணீர் நீலத்தைக் காட்டவே இல்லை, முதல் சொட்டிலேயே மஞ்சள். அதாவது கார்பனேட் துடைத்துவிட்டாற்போல் இல்லை. அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது கார்பனேட். அது தீர்ந்ததும் பிஎச் சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிட்டது.

யோசித்தால் கண்ணெதிரிலேயே இருந்த சங்கதி. சென்னையில் அக்கா வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்பு வெள்ளையாகக் கெட்டிதட்டியிருக்கும். எங்கள் பாத்திரத்தில் பத்து வருடமாக ஒரு பொருக்கு கிடையாது. இங்கே சோப்புப் போட்டால் வழவழப்பு போகாமல் அம்மா புலம்புவதும் இதனால்தான். போதாததற்கு, ஆக்ஸலாட்டிலுக்குக் கடின நீர்தான் ஒத்துக்கொள்ளும். குளிர் சும்மா கிடைத்தது, சுண்ணாம்புச் சத்தை நான்தான் போட வேண்டும்.

இன்று அரை டீஸ்பூன் ஆப்பசோடா. நாளையும் மறுநாளும் அதே அளவு. நிரந்தரத்துக்கு, கோழித் தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் வாங்கி, அலசி, வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 28

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். கேஎச் ஐந்து சொட்டு. ஹீட்டரைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. குளோரின் நீக்கி சேர்த்து முக்கால்வாசித் தண்ணீரை மாற்றினேன்.

ஜனவரி 4

வந்துவிட்டது! கோவையில் வளர்ப்பவர் ஒருவரிடம் வாங்கினேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டிய இனம் என்பதால் காகிதங்களையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். தெர்மகோல் பெட்டி, நியூஸ்பேப்பர் சுற்றிய ஐஸ் பாட்டில், மடியில் வைத்தபடியே மலை ஏறினோம்.

ஐந்து அங்குலம் இருக்கும். வெளிர் ரோஜா நிறம், கறுப்புக் கண், தலையின் இரு பக்கமும் மும்மூன்று சிவப்புச் செவுள் இறகு. "கையும் காலும் முளைச்ச கெளுத்தி மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. மகள் வைத்த பெயர் ரோஸ்மில்க்.

பையை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் எங்கள் தண்ணீரைச் சேர்த்தேன். உள்ளே விட்டதும் உடைந்த மண்சட்டிக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

ஜனவரி 6

சாப்பிடவில்லை. செவுள்கள் காற்றில் குடை திரும்பியதுபோல முன்பக்கமாக வளைந்திருக்கின்றன. ஃபில்டரின் வேகம்தான் காரணம். இது ஓடாத தண்ணீரின் பிராணி. தண்ணீர் விழும் வாயில் ஒரு பஞ்சைச் செருகினேன். சாயங்காலத்துக்குள் செவுள் பின்னால் சாய்ந்துவிட்டது.

ஜனவரி 7

எருக்குழியிலிருந்து மண்புழு எடுத்து நீட்டினேன். லபக்கென்று வாங்கி, அரை நொடியில் துப்பியது. மறுபடி கொடுத்தேன், மறுபடி துப்பியது. என் விரலில் மஞ்சளாக ஒரு திரவம், சகிக்க முடியாத வாடை. மண்புழு உரம் போடும் சிவப்புப் புழு சீண்டினால் இப்படிக் கசிந்து தப்பிக்குமாம். நானாக இருந்தாலும் துப்பியிருப்பேன்.

ஜனவரி 8

மருந்தடிக்காத பீட்ரூட் பாத்தியைக் கிளறி, சாதா மண்புழு. கழுவி, இரண்டு அங்குலத் துண்டாக்கி, இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். முதலில் கல்லாக நின்றது. ஒரு கால் மட்டும் மெல்ல முன்னால் வந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று கண்ணுக்கே தெரியவில்லை. "டப்" என்று ஒரு சின்னச் சத்தம், இடுக்கியில் புழு இல்லை, வாயோரத்தில் வால் மட்டும் துடிக்கிறது. இரண்டு விழுங்கலில் அதுவும் போய்விட்டது. மகள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

ஜனவரி 14

பொங்கல் லீவில் கொஞ்சம் படித்தேன். இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்கள். உயரம் சுமார் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி! 1864-ல் பாரிசுக்குக் கொண்டுபோன 34 விலங்குகளில் ஒன்று வெள்ளை. எங்கள் ரோஸ்மில்க்கின் நிறத்துக்கு அதுதான் மூதாதையாக இருக்க வேண்டும். அந்தக் கால்வாய்களிலோ, கெண்டையும் திலேப்பியாவும் விட்ட பிறகு, இது மிச்சமிருப்பதே அபூர்வம். 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று எண்ணினார்கள், 2014-ல் 36. நம் ஊர்க் குளங்களில் திலேப்பியா செய்திருப்பதைப் பார்த்தவளுக்கு ஆச்சரியமில்லை.

ஜனவரி 19

தண்ணீர் 15 டிகிரி, கேஎச் ஐந்து. நீண்ட பிளாஸ்டிக் பீச்சானால் கழிவை உறிஞ்சி எடுக்கும் வேலை மகளுடையது என்றுதான் ஒப்பந்தம். இன்றுவரை நான்தான் செய்கிறேன்.

இதற்கு இமை கிடையாது என்று நேற்று பேச்சுவாக்கில் சொன்னேன். இன்று ராத்திரி ஹாலில் லைட்டைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்து, தன் பழைய துண்டை மடித்துத் தொட்டியின் முன்னால் தொங்கவிட்டாள். "கண்ணை மூட முடியாத புள்ளைடி அது. நீ உள்ள போய்ப் படி."