செம்பியோடு கடலுக்குப் போனது

போன வாரம் எங்கள் நாய் செம்பியைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாகக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தோம். இந்தத் தடவைதான் அவளும் நிம்மதியாக இருந்தாள், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். முதல் தடவை நடந்தது இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பந்தை அலைக்குள் வீசுவதும் அவள் பாய்ந்து கவ்விக்கொண்டு வருவதுமாக ஒரு மணி நேரம் விளையாடினோம். ஒவ்வொரு தடவை பந்தைக் கவ்வும்போதும் ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் உள்ளே போகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது குடலுக்குள் போனதும் உடம்பிலுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது, தாகம் கூடுகிறது, நாய் மறுபடியும் எதிரே இருக்கிற கடல்நீரையே குடிக்கிறது. அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் ஏறி தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். செம்பிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, மருத்துவர் பார்த்து இரண்டு நாளில் தேறினாள். ஆனால் உங்கள் நாய் தள்ளாடுவது தெரிந்தால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போதெல்லாம் பந்து ஈரமணலைத் தாண்டுவதில்லை. கால் மணிக்கு ஒரு தடவை நிழலுக்குக் கூப்பிட்டு, கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைக்கிறோம். தாகம் இல்லாத நாய் கடலைக் குடிக்கப் போவது குறைவு, இதை நான் கண்ணால் பார்த்தேன்.

பயணத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வண்டியில் குமட்டல் குறையும். வழியில் நிறுத்தும்போது மட்டும் யாராவது ஒருவர் கூடவே இருங்கள். வெளியே 24 டிகிரிதான் என்றாலும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 டிகிரி ஆகிவிடும், சன்னலை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் அது தணியாது. அப்புறம், நாய் படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். புது அறையில் வீட்டு வாடை அடிப்பது அந்த ஒன்றில்தான்.

இந்தத் தடவை போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் செம்பியைத் தண்ணீரில் இறக்கவில்லை, கயிற்றை நீளமாக விட்டு ஓரமாக நின்றோம். அலை வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருந்த மணல் சரிந்தது. அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் வந்தாள், மறுபடியும் முன்னால் போனாள். இப்படியே அரை மணி நேரம். இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, அவளாகவே பழகட்டும் என்று விட்டோம். எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த அரை மணி நேரம் அதுதான்.

பகலில் போவதாக இருந்தால் புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். கரையில் ஒதுங்கிக் கிடப்பதை முகர விடாதீர்கள்: செத்த ஜெல்லி மீனும் கொட்டும், பேத்தை மீனில் கொடிய விஷம் இருக்கிறது, கருவாட்டு வாடைக்காக வாயில் கவ்வும் துண்டுக்குள் தூண்டில் முள் இருக்கலாம். கழுத்துப் பட்டையில் இப்போது நீங்கள் பயன்படுத்தும் போன் நம்பர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் முழுதாக அலசி, விரலிடுக்கைத் துடைத்து, காதை உலர வைக்க வேண்டும். உப்பு காய்ந்து அரித்தால் நக்கி நக்கியே புண்ணாக்கிக்கொள்ளும், காதில் ஈரம் தங்கினால் தொற்று வரும். இன்று காலையிலும் செம்பியின் காதைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, வாடை இல்லை. முன்னங்காலின் விரலிடுக்கில் மட்டும் இன்னும் நாலு மணல் துகள்.